நூற்றுக்குப் பதினொன்று

“நேத்தே சொன்னேனே சார், முடியாதுன்னு. இன்னைக்கும் வந்து நிக்கறீங்களே.”

டெண்டர் பிரிவுப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். மேசைக்கு எதிரே நின்றவருக்கு ஓய்வு பெறும் வயது. வண்டியைக் கட்டட வாசலுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, இரண்டு தெரு தள்ளி இறங்கி வெயிலில் நடந்து வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“உக்காரச் சொன்னீங்கன்னா உக்காந்து பேசறேன், மேடம்.”

“உக்காருங்க. ஆனா பதில் அதேதான்.”

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தோள் பையிலிருந்து ஒரு கற்றைத் தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

“நாலு பம்ப் ஹவுஸ். சூரிய மின்சாரம் வந்துட்டா பகல் பூரா மோட்டார் ஓடும். இப்ப கரண்டு எப்ப வரும்னு மோட்டாருக்கே தெரியாது. ஜனங்க குடத்தை வெச்சுக்கிட்டு ராத்திரி பகலா காத்துக் கிடக்கறாங்க. நாளைக்கு மூணு மணியோட டெண்டர் மூடுது. இதுவும் போச்சுன்னா திட்டத்துக்கே தலைமுழுகிடுவாங்க.”

“எனக்குப் புரியுது சார். அதுக்கில்ல புரியணும்” என்று திரையை நோக்கி முகவாயைக் காட்டினாள். “இந்த மென்பொருள் வந்ததிலேர்ந்து வர்ற பேப்பரை நாங்க படிக்கறதே இல்ல. உள்ள போட்டா அதுவே படிச்சு மார்க் போட்டுடும். நாப்பதைத் தாண்டினாத்தான் நாங்க கையால தொடுவோம். உங்களோடதுக்குப் பதினொண்ணு.”

“நூத்துக்கா?”

“நூத்துக்குத்தான்.”

“என் மச்சினன்கூட கணக்குல பதினாலு வாங்கினான்.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை.

“எங்க போனாலும் இதே கதைதான், மேடம். போன வாரம் ரெண்டு இடத்துல ஏறி இறங்கினேன். வாசல்லயே வழியனுப்பி வெச்சுட்டாங்க.”

“அங்கேயும் இதே மென்பொருள்தான் சார். எல்லாரும் இதைத்தான் வெச்சிருக்காங்க.”

அவருடைய கைப்பேசி அதிர்ந்தது. மனைவி. குரலைத் தணித்துக்கொண்டு பேசினாலும், மறுமுனைக் குரல் மேசையைத் தாண்டிக் கேட்டது.

“இன்னும் போகலீங்க. வாசப்படியிலயே உக்காந்துட்டாங்க. நீங்க வந்து பதில் சொன்னாத்தான் எழுந்திருப்பாங்களாம். ஒரு அம்மா வாய்க்கு வந்தபடி பேசுது.”

“பேசட்டும். கதவைச் சாத்திக்கோ. நான் பின்பக்கமா வந்துடறேன்.”

பேசி முடித்ததும் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் தாள்களின் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தார். அவளுக்கு மனம் கேட்கவில்லை. திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“இங்கதான் அடி வாங்குது, பாருங்க. முப்பது வருஷ அனுபவம்னு ஒரு வரி இருக்கு. இந்தச் சூரியத் தகட்டு வேலையில முப்பது வருஷம் யாருக்கு சார் இருக்கு? பொறந்த குழந்தைக்குப் பேரப்பிள்ளை இருக்குன்னு சொல்ற மாதிரி இருக்கு.”

அவர் முகம் சுண்டிப்போயிற்று. “பழைய பேப்பர்லேர்ந்து எடுத்தது. டீசல் ஜெனரேட்டர் காலத்துது. அப்படியே போட்டுட்டோம்.”

“ஈயடிச்சான் காப்பின்னு சொல்லுங்க.”

“ஆமா. எங்க தப்புதான். அந்த வரியையே எடுத்துடறேன், மேடம். ஆபீசுக்கு ஒரு போன் போட்டா அரை மணியில எடுத்துடுவாங்க. எடுத்துட்டா எவ்வளவு தேறும்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

அவள் தயங்கினாள். பிறகு அந்த வரியை நீக்கிவிட்டு மறுபடி ஓடவிட்டாள். திரையில் சக்கரம் சுற்றியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார், ஆபரேஷன் அறைக்கு வெளியே காத்திருப்பவரைப் போல.

“முப்பத்தி மூணு.”

“இன்னும் என்னதான் குறை?”

“இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை இந்த டெண்டர் நடக்காம போயிருக்கில்ல, அதை ஞாபகம் வெச்சிருக்கு.”

“ரெண்டு தடவை நடக்கலங்கறதால மூணாவது தடவையும் நடக்கக் கூடாதா? இது என்ன நியாயம் மேடம்?”

“நியாயம் இல்ல சார், கணக்கு.”

“யாராவது ஒரு மனுஷன் முழுசாப் படிச்சுப் பாக்கக் கூடாதா? ஒரே ஒருத்தர். படிச்சுட்டு வேணாம்னு சொன்னாக்கூட போயிடறேன்.”

“என் கையில எதுவும் இல்ல. மேல இருக்கறவர் சொன்னாத்தான் உண்டு. அதுவும் இல்லாம, நீங்க இப்படி நேர்ல வந்ததே முறையில்ல. யாராவது பாத்தா உங்களுக்கும் வம்பு, எங்களுக்கும் வம்பு. கிளம்புங்க சார், ப்ளீஸ்.”

அவர் எழுந்தார். ஆனால் கிளம்பவில்லை. மகள் வயதுள்ளவளைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார். அவள் பதறிப்போய்த் தானும் எழுந்து நின்றாள்.

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கதவு திறந்தது. அவளுடைய மேலதிகாரி கையில் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்தார். தோள் பை, தாள் கற்றை, கூப்பிய கை எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார்.

“யாரும்மா இவரு? எதையாவது விக்க வர்றவங்களை உள்ள விடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

அவள் வாயைத் திறப்பதற்குள், கூப்பிய கையை இறக்காமல் அவரே பதில் சொன்னார்.

“விக்க வரல சார், உங்க கம்பெனிகிட்ட வாங்க வந்திருக்கேன். டெண்டர் விட்டதே நாங்கதான். நான் முனிசிபல் கமிஷனர்.”