ஜாங்கிரிக்குச் சர்க்கரை

கடலூரிலிருந்து கூடையோடு பஸ் ஏறி வந்த பிரிசில்லாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வேளை தவறாமல் இன்சுலின் போட்டும், அவள் பூனை ஜாங்கிரிக்குச் சர்க்கரை குறைந்தபாடில்லை.

“நேத்து முந்நூத்தி நாப்பது டாக்டர்! அவிச்ச மீனைத் தவிர வேற எதையும் கண்ணுல காட்டல,” என்று நோட்டை நீட்டினாள்.

சிதம்பரத்துக் கால்நடை டாக்டர் புரட்டினார். “ஞாயித்துக்கிழமை ஆனா இன்னும் ஜாஸ்தியா ஏறுதே. ரத்தம் எடுக்கிறது யாரு?”

“ஊசி நான் போடுவேன். காதுல குத்தி டெஸ்ட் பண்றது இவுங்க.”

கூட வந்திருந்த கணவர் ஆரோக்கியராஜ், சிப்காட் தொழிற்பேட்டையில் நாற்பது பேரை அதட்டி வேலை வாங்கும் சூப்பர்வைசர். பிளாஸ்திரி ஒட்டிய விரல்களைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

“டோஸைக் கூட்டணும். எதுக்கும் ஒருதடவை நானே பாத்துடறேன்,” என்றார் டாக்டர்.

பூனையின் பிடரியைப் பிடித்துக் காதில் குத்தினார். மெஷின் நூற்றுப் பத்து காட்டியது.

“பூனைக்குக் கச்சிதமா இருக்கும்மா! டோஸைக் கூட்டியிருந்தா மயங்கி விழுந்திருக்கும். அப்ப அந்த முந்நூத்தி நாப்பது யாரோடது?”

ஆரோக்கியராஜ் பூனையைப் பார்த்தார். அது பல்லைக் காட்டிச் சீறியது.

“காதுகிட்ட கையக் கொண்டுபோனாலே பிறாண்டுது பிரிசி. அதான்… ரத்தம் எல்லாம் ஒண்ணுதானேன்னு, என் விரல்லயே குத்தி…”

பிரிசில்லா அவர் பிடரியைக் கெட்டியாகப் பிடித்தாள்.

“ஆடாம இருங்க. ஞாயித்துக்கிழமை பிரியாணியெல்லாம் இனிமே கெடையாது. இன்னைலேருந்து உங்களுக்கும் அவிச்ச மீனுதான்!”