பதர்க்குவியல்

நெல் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்றில் காற்றாடியும் சல்லடையும் வேலை பார்த்தன. உள்ளே அரிசி இல்லாத பதரை ஊதித் தள்ளுவது காற்றாடியின் பொறுப்பு. நெல் பளிச்சென்று இருக்கிறதென்று ஊரே மெச்ச, அது இன்னும் வேகமாக வீசியது.

"அண்ணே, நல்ல நெல்லும் பறக்குது" என்றது சல்லடை.

"நல்லதா இருந்தா எதிர்த்து நின்னிருக்குமே."

பறந்துபோன நெல் ஒன்று, "நான் பதர் இல்லீங்க" என்று கத்தியது.

"எல்லாப் பதரும் இதைத்தான் சொல்லுது" என்றது காற்றாடி.

ஐப்பசி மழை பெய்தது. கொட்டகைக்குப் பின்னால் கிடந்த பதர்க்குவியல் பச்சைப் பசேலென்று முளைத்து நின்றது. ஆடுகள் அதை மேய்ந்துகொண்டிருந்தன.

காற்றாடி வெகுநேரம் சுழலாமல் அதையே பார்த்தது.

"தம்பி, பதர் முளைக்குமா?"



"முளைக்காதுண்ணே" என்றது சல்லடை.