இரண்டாவது நாற்காலி

"எத்தனை பேர் சார்?"

"ஒருத்தர்தான்."

ஒருத்தருக்கு எதற்கு இரண்டு நாற்காலி என்று கூடார முகாமின் காவல்காரர் கேட்கவில்லை. கண்ணாடிக்காரர் மூன்று வருஷமாக இப்படித்தான் வருகிறார். சீசன் முடிந்து, ஏரிக்கரையில் ஈ காக்கை இல்லாத நாளாகப் பார்த்து வந்து இறங்குவார்.

சரி, முகாம் போடுவதில் ஆசையா என்றால் அதுவும் இல்லை. கயிறு ஒரு பக்கம், முளை ஒரு பக்கம் என்று அல்லாடுவார். ஒரு கொசு கடித்தால் போதும், ஏரியே அதிரும்படி குதிப்பார். ஆனால் இரண்டு மடக்கு நாற்காலிகளை மட்டும் தண்ணீரைப் பார்த்தபடி அழகாக விரித்து வைத்துவிடுவார்.

"பாவம், பெண்சாதி போய்ச் சேர்ந்திருப்பா. சேர்ந்து வந்த இடமா இருக்கும்" என்று விறகு வண்டிக்காரர் சொல்லப்போக, அக்கம்பக்கத்தில் அதுவே கதையாகிவிட்டது.

காவல்காரர் மட்டும் என்ன வாழ்ந்தது? எட்டுக் கூடார இடங்கள், ஒரு குழாய், ஒரு கழிப்பறை, வாசலில் ஒற்றை அறை. ரேடியோவில் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்கிற அளவுக்குத் தனிமை. அப்படியும் தங்க வருகிறவர்களோடு உட்கார்ந்து பேச மாட்டார். தனியாக வந்தவரை மட்டும் மாலையில் ஒரு தடவை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது முதலாளி போட்ட விதி.

போன இரண்டு வருஷமும் நின்றபடியே விசாரித்துவிட்டு வந்துவிட்டார். இந்தத் தடவை கண்ணாடிக்காரர் விடவில்லை.

"உட்காருங்க. சும்மாதானே கிடக்கு."

"அது வேற யாருக்கோ போட்டது சார்."

"யாரும் வரப்போறதில்ல. உட்காருங்கன்னா!"

உட்கார்ந்தார். கண்ணாடிக்காரர் டிபன் கேரியரைத் திறந்து, இரண்டு தட்டுகளில் கோழிக்கறியை வைத்தார். ஒரு வாய்தான் சாப்பிட்டிருப்பார், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"அழாதீங்க சார்."

"அழலைங்க. காரம்! எனக்கு ஆகவே ஆகாது."

காவல்காரருக்கோ அமிர்தமாக, எப்போதோ நாக்குக்குப் பழகிய ருசியாக இருந்தது. இரண்டாவது வாயில் மெல்வதை நிறுத்திவிட்டுத் தட்டையே பார்த்தார்.

"யாரு சமைச்சது சார்?"

"வீட்லதான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "உங்களுக்கு யாரும் இல்லையா?"

"ஒரே பொண்ணு. பேசி ஒன்பது வருஷமாச்சு. கல்யாணத்துக்குக்கூடப் போகல. யாரைக் கட்டிக்கிட்டான்னு பார்க்கவும் இல்ல. அப்ப அப்படி ஒரு வீறாப்பு. இப்ப அவ குரலை ஒரு தடவை கேட்டா போதும்னு இருக்கு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய் நிக்கிறது, சொல்லுங்க."

கல்யாணத்துக்கு ஏன் போகவில்லை என்று கண்ணாடிக்காரர் கேட்கவில்லை. மிச்சக் கறியை முழுக்க அவர் தட்டில் போட்டார். காவல்காரர் ஒரு துளி விடாமல் வழித்துச் சாப்பிட்டார்.

காலையில் கூடாரத்தைச் சுருட்டி, நாற்காலிகளை மடக்கிக் காரில் ஏற்றிக்கொண்டு கண்ணாடிக்காரர் வாசலுக்கு வந்தார். காவல்காரர் சங்கிலியை அவிழ்க்காமல் நின்றுகொண்டிருந்தார். கையில், ராத்திரியே எடுத்துப்போய்ப் பளபளவென்று தேய்த்துக் கழுவிய டிபன் கேரியர்.

"அடுத்த வருஷம் பார்க்கலாங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

கேரியரை ஜன்னல் வழியாக நீட்டினார் காவல்காரர்.

"அவ்வளவு நாள் எதுக்கு? அடுத்த வாரமே மூணு நாற்காலியோட வாங்க, மாப்பிள்ளை!"