மீன் பார்த்த திசை

"புதுத் தொட்டியில உப்புத்தண்ணி பக்குவப்பட ஒரு மாசமாவது ஆகும், அதுவரைக்கும் மீன் விட்டுடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் மனைவி தன் அக்காவைப் பார்க்க ஊருக்குப் போனாள். தையல்காரருக்கோ பொறுமையெல்லாம் ஊசியில் நூல் கோக்கும்வரைதான். மறுநாளே ஓர் ஆரஞ்சு மீனை வாங்கிவந்து தொட்டியில் விட்டார். அந்த வாரத்துக்குள்ளேயே அது வாயைப் பிளந்து மிதந்தது.

முழுப் பூசணிக்காயையே சோற்றில் மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். விரல் நீள மீனை மறைக்க ஜன்னலோர ரோஜாச் சட்டி போதாதா? புதைத்துவிட்டார்.

திரும்பி வந்தவள் மீனில்லாத தொட்டியைப் பார்த்துப் பூரித்துப்போனாள். "பரவாயில்லையே, சொன்ன பேச்சைக் கேட்டிருக்கீங்க!"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. ஆனாலும் பாராட்டைச் சிரித்து வாங்கிக்கொண்டார்.

மாதம் முடிந்ததும் இருவருமாகப் போய் ஒரு மீன் வாங்கிவந்தார்கள். அது நீந்தவேயில்லை. கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடியே நின்றது.

"புது இடமில்ல, பழகிடும்" என்றாள் மனைவி.

அவர் ரோஜாச் சட்டியைச் சமையலறைக்கு மாற்றினார். காலையில் மீன் சமையலறையைப் பார்த்து நின்றது. வாசலுக்கு மாற்றினார், வாசலைப் பார்த்தது. அன்றே சட்டியைத் தூக்கிக்கொண்டு போய், "கீழ வெயில் பத்தலை, நீங்களே வச்சுக்குங்க" என்று மாடிவீட்டு டீச்சரிடம் கொடுத்துவிட்டு, நிம்மதியாகப் படியிறங்கினார்.

தொட்டி முன்னால் மனைவி இரை டப்பாவோடு நின்றிருந்தாள். போட்ட இரை அப்படியே கிடந்தது. மீன், வாலை மணலில் ஊன்றியதுபோலச் செங்குத்தாக நின்றிருந்தது.

"ஏங்க, மேல என்ன இருக்கு?"