மூணு எண்ணும்வரை

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆம்பூர் மைதானத்துப் புங்கமரக் கிளையில் இரண்டு ஜிம்னாஸ்டிக்ஸ் வளையங்கள் வாரில் தொங்குகின்றன. ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டும் ரோஷினி, பசைக் கறை போகாத விரல்களால் அவற்றைப் பற்றி மேலெழும்பி, கைகளை மெல்ல இருபுறமும் விரிக்கிறாள். உடல் சிலுவையைப் போல அந்தரத்தில் நிற்கிறது. மூன்று நொடி அப்படியே அசையாமல் இருந்தால்தான் கணக்கு. இரண்டு வருடப் பயிற்சியில் அவள் ஒரு நொடியைத் தாண்டியதே இல்லை. இலைகளின் ஊடே விழும் வெயிலில் தோள்கள் நடுங்குகின்றன. வளையத்தின் வார் கிறீச்சிடுகிறது. "ஒண்ணு... ரெண்டு..." கீழே நிற்கும் தோழி மேகலாவின் குரல் உயர்கிறது. "விட்றாதடீ!" வளையங்கள் அசையவில்லை. "மூணு! ஏய், மூணுடீ!" மேகலா துள்ளிக் குதிக்கிறாள். ரோஷினி இறங்கவில்லை. முகம் சிவக்க, பல்லைக் கடித்தபடி சொல்கிறாள்: "இன்னாத்துக்கு நிறுத்துற? எண்ணு!"