வாசல் போர்டுல ஒரு வசனம்

"இந்த வசனத்தைச் சொன்னது யாருன்னு பாஸ்டருக்குத் தெரியுமா?"

வெர்னா கேட்டதும் சபைக் கூடத்துல ஸ்பூன் சத்தமே நின்னுபோச்சு.

புதன்கிழமை சாப்பாடு. ஆளுக்கொரு அயிட்டம் செஞ்சு கொண்டாந்து, எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடறது அமெரிக்காவுல அந்த அர்கன்சா ஊர்ச் சபையோட வழக்கம். ஆனா இன்னிக்கு சாப்பாடு முடிஞ்சதும் ஓட்டு. பாஸ்டர் கென்டல் வந்து ஒரு வருஷம் ஆச்சு. வச்சுக்கறதா, அனுப்பிடறதான்னு கை தூக்கியாகணும்.

அந்த மனுஷன் பிரசங்கம் பண்ணினா கூட்டம் வராந்தா வரைக்கும் நிக்கும். வெர்னாவுக்கு அதுதான் உறுத்தல். கூட்டம் ஏறினா வசனம் இளைச்சுடும்ங்கறது அவங்க கட்சி. யாரு எந்த வசனத்தை எடுத்தாலும், "அதுக்கு மேல என்ன இருக்கு, கீழ என்ன இருக்கு?"ன்னு கேக்காம விடமாட்டாங்க. ஸ்கூல் ஃபுட்பால் பசங்க 'எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு'ன்னு சட்டையில அடிச்சுக்கிட்டு ஆசீர்வாதம் வாங்க வந்தாங்க. "அது பவுல் ஜெயில்ல இருந்துக்கிட்டு, பட்டினியைத் தாங்கறதைப் பத்தி எழுதினது கண்ணுங்களா. பந்தைப் பத்தி இல்ல"ன்னு அனுப்பிவச்சாங்க. பசங்க தோத்துட்டுதான் வந்தாங்க.

இப்ப அவங்ககிட்ட மாட்டினது சபை வாசல் போர்டு. ரோட்டுல போறவங்க படிக்கட்டும்னு, பிளாஸ்டிக் எழுத்தை ஒண்ணொண்ணா சொருகி வாராவாரம் ஒரு வசனம் வைப்பாங்க. இந்த வாரம், 'இவைகளையெல்லாம் உமக்குத் தருவேன். மத்தேயு 4:9.'

பாஸ்டர் எழுந்து நின்னாரு. "தெரியும், வெர்னா அம்மா."

"சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

"பிசாசு."

வெர்னா பாஸ்டர் மாதிரியே ரெண்டு கையையும் விரிச்சு, கண்ணை மூடி, குரலை நடுங்கவிட்டாங்க. "'என் கால்ல விழு, உலகத்தையே தர்றேன்'னு பிசாசு இயேசுகிட்ட பேரம் பேசினது, பிரியமானவர்களே. அதை வாசல்ல மாட்டிட்டு, உள்ள வாங்க வாங்கன்னு கூப்பிடறோம்."

கூடமே சிரிச்சுது. சபை நிர்வாகத்தைப் பாத்துக்கற டீக்கன் ராய்ஸுக்கு ஐஸ் டீ மூக்குல ஏறிடுச்சு.

பாஸ்டருக்குக் காது செவந்துபோச்சு. போர்டு தன் பொறுப்பு, தப்பு தன்னோடதுன்னு மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்துட்டாரு.

ஓட்டு எந்தப் பக்கம் சாயும்னு இனி ஜோசியம் பாக்க வேண்டாம். வாழைப்பழ புட்டிங்கை முடிச்சுட்டுக் கை தூக்கலாம்னாரு ராய்ஸ். அந்த இடைவெளியில வெர்னா ஒரு தட்டுல கோழியும் பீன்ஸும் எடுத்துக்கிட்டு வெளிய வந்தாங்க.

புருஷன் ஹாலிஸ் வழக்கம்போல டிரக்குல உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்தாரு. கல்யாணத்தன்னிக்கு சபைக்குள்ள கால் வச்சவரு, அப்புறம் வைக்கல. அவருக்காக வெர்னா ஜெபம் பண்ணாத நாள் இல்ல. அவரு டிரக்கை விட்டு இறங்கின நாளும் இல்ல.

தட்டை வாங்கிக்கிட்டவரு மெதுவா கேட்டாரு. "போர்டைப் பத்தி யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஏன் கேக்கறே?"

ஹாலிஸ் கூச்சமா சிரிச்சாரு. "போர்டுல எழுத்து மாத்த ஏணி ஏற ஆள் இல்லன்னு போன வாரம் பாஸ்டர் இங்கயே வந்து நின்னாரு. வசனத்தையும் நீங்களே பாத்து வைங்கன்னுட்டாரு. உன் பைபிளை எடுத்து நானே தேடினேன், வெர்னா. எவ்வளவு தாராளமான வார்த்தை, இல்ல? உன்கிட்ட சொன்னா மேல என்ன, கீழ என்னன்னு ஆரம்பிச்சிடுவே. அதான் சொல்லல."

வெர்னா டிரக் கதவைப் பிடிச்சுக்கிட்டாங்க. "பாஸ்டர் பாத்துட்டு என்ன சொன்னாரு?"

"எழுத்தெல்லாம் கோணாம நேரா இருக்குன்னாரு. சனிக்கிழமை நம்ம வீட்டுக்குக் காபி குடிக்க வர்றாராம். அந்த வசனத்துக்கு மேல இருக்கறதையும் சேர்ந்து படிக்கலாமான்னு கேட்டாரு. நானும் சரின்னுட்டேன்."

வெர்னா திரும்பி, பாவாடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓட்டமும் நடையுமா கூடத்துக்குள்ள போனாங்க. "பாஸ்டர் இருக்கணும்ங்கறவங்க..."ன்னு ராய்ஸ் ஆரம்பிச்சிருந்தாரு.

"கொஞ்சம் பொறு, ராய்ஸ்." மூச்சு வாங்கிச்சு வெர்னாவுக்கு. "அந்த போர்டு பாஸ்டர் வேலை இல்ல, எங்க வீட்டு வேலை. சிரிக்கறவங்க என்னைப் பாத்து சிரிச்சு முடிங்க. அப்புறமா கையைத் தூக்குங்க."