மூன்றாவது இயர்போன்

கட்டுகஸ்தோட்டைக் கடையில் நஸீம் பிரித்துக் கொடுத்த மூன்றாவது இயர்போனையும் அந்தோனிமுத்து கழற்றி வைத்தார்.

"காதுல நல்லாத்தான் உக்காருது, நஸீம் நானா. ஆனா இதுலயும் இடது பக்கம் சத்தமே இல்ல."

"கழிச்ச சாமானையா தள்ளுறீங்க?" கூட வந்த கல்குவாரி சூப்பர்வைசர் லக்ஸ்மன் சீறினார்.

நஸீமுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதை எடுத்துத் தன் காதில் மாட்டினார். இரண்டு பக்கமும் பாட்டு கணீரென்று கேட்டது. அவர் பார்வை அந்தோனிமுத்துவின் காதுக்குப் போனதும் லக்ஸ்மன் முந்திக்கொண்டார்.

"எங்க ஆளுக்குக் காதுல கோளாறுன்னா, போன வாரம் ரெண்டு பேர வேலையில இருந்து நிப்பாட்டின மாதிரி இவரையும் நிப்பாட்டியிருப்பேனே! ஒங்க சாமான்லதான் கோளாறு."

நஸீமின் தலை பாட்டுக்கு ஆடியதைப் பார்த்திருந்த அந்தோனிமுத்துவின் கை, மெல்லத் தன் இடது காதைத் தடவியது. முகம் வெளுத்திருந்தது.

நஸீம் அந்தக் கையைப் பார்த்தார்.

"கொற நினைக்காதீங்க, இதுவும் பழுதுதான்," என்று பெட்டியை மூடினார்.